பிடிக்க முடி இல்லாதவள்

என் உயரம் எங்க நைனா கொடுத்தது. ஊரில் பாதி ஆம்பிளைகள் என் தோளுக்குத்தான் வருவார்கள். கையும் நீளம். முடி இடுப்புக்குக் கீழே. கல்யாணத்துக்கு இந்த உயரம் உதவவில்லை; தாமதமாகத்தான் ஆனது. மலைப்படியில் தேங்காய்த் தட்டு வைத்து விற்க உதவியது.

திருத்தணி மலை ஏறுகிறவர்கள் மூச்சு வாங்கி முதலில் நிற்கிற படி ஒன்று உண்டு. பக்கத்தில் மண்டபம். நிழல் உச்சிவேளை வரைக்கும் இருக்கும். நின்றவர்கள் தேங்காய், பழம், கற்பூரம் அங்கேயே வாங்கிவிடுவார்கள். அந்தப் படியை எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சண்டை போட்டுப் பிடித்தேன். சண்டை போட்டே வைத்துக்கொண்டேன்.

பொம்பளைகள் சண்டையில் அடி அவ்வளவாகக் கிடையாது. முதலில் வாய். பிறகு கொண்டை. அடுத்தவள் தலையை எவள் குனிய வைக்கிறாளோ அவள் ஜெயித்தாள். நான் கொண்டையைப் பிடித்துக் கையை நீட்டிவிட்டால் அவள் கை என் முகத்துக்கு எட்டாது. காற்றில் நீந்துவாள். ஆறேழு பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். என் முடியை ஒருத்தியும் தொட்டதில்லை. தொட முடியும் என்று நினைத்ததும் இல்லை.

பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஜனங்கள் மூட்டையோடு ரயிலேறி வந்த வருஷம். வந்தவர்களில் ஒருத்தி ரொம்பக் குள்ளம். புருஷன் ஆர்பரில் கப்பல் மூட்டை தூக்குகிற கூலி. வேலையை விட முடியாமல் அங்கேயே இருந்துவிட்டான். அவன் உயிரோடு வந்து முகம் காட்டினால் மொட்டை போடுகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டாளாம். ஆனி மாசம் ஒரு நாள் வந்து காட்டிவிட்டுப் போனான். போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை நான் போனபோது, சந்தனம் பூசின தலையோடு என் படியில் தட்டு வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாடி, யார் இடம்னு தெரியுமா?”

“முருகன் இடம்.”

“எழுந்திரு.”

“அவரு வந்து சொல்லட்டும், எழுந்துக்கறேன்.”

மலை இறங்கி வந்தவர்கள் நின்று சிரித்தார்கள். நான் கையை நீட்டினேன். நீட்டின பிறகுதான் பிடிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தது. கை சந்தனத்தில் வழுக்கியது. அதற்குள் அவள் கிட்டே வந்துவிட்டாள். அவ்வளவு கிட்டத்தில் நீளக் கை எதற்கும் ஆகாது. எக்கி என் பின்னலைப் பிடித்தாள். இழுக்கவில்லை. காலை மடக்கிக்கொண்டு தொங்கினாள். கழுத்து எவ்வளவு நேரம் தாங்கும்? விழுந்தேன். பெரிய உடம்பு கல்லில் விழுந்தால் பலமாகத்தான் விழும். என் தேங்காய்கள் படி படியாக உருண்டு போயின.

“போக்கா, கீழ உட்காரு. உசரமா கீறே, எங்க உட்கார்ந்தாலும் தெரிவே,” என்றாள்.

உட்கார்ந்தேன். பத்து படி கீழே, வெயிலில். அங்கே ஒருவரும் நிற்பதில்லை. ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் இருபது நாள். காவடிக் கூட்டத்தில் விற்பதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் மிச்ச வருஷம் அடுப்பு எரியும். அதற்குள் படி திரும்ப வந்தாக வேண்டும்.

வீட்டுக்காரர் அரக்கோணத்தில் இன்ஜினுக்குக் கரி அள்ளுகிறவர். வந்தவர், “இன்னா, கழுத்தைத் திருப்பவே மாட்டேன்ற?” என்று கேட்டார். சொன்னேன்.

“அந்தக் குள்ளச்சியா? உன் நிழல்லியே அவ குடித்தனம் பண்ணலாமே!” சிரித்து முடித்து, “அவளுக்கு முடி இல்ல, உனக்கு இருக்குது. அவ்ளோதான் விஷயம்,” என்றார். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மொட்டை போடுகிறவர் முன்னால் உட்கார்ந்தேன். முடியைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

“இவ்ளோ முடி. பெரிய வேண்டுதலாம்மா?”

“ஆங்.”

“இன்னா வேண்டுதல்?”

“போடுங்க.”

சாமியிடம் பொய் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. சந்தனத்தை மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பூசிக்கொண்டேன்.

அடுத்த நாள் விடிந்ததும் படிக்குப் போனேன். அவள் என் தலையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“வேண்டுதலாக்கா?”

“எழுந்திரு.”

எழுந்தாள். தட்டை ஓரம் தள்ளினாள். போன தடவை மாதிரியே உள்ளே புகுந்தாள், எக்கினாள். இரண்டு கையும் என் மண்டையில் வழுக்கி இறங்கின. இருவருக்கும் பிடி இல்லை என்றால் மிச்சம் இருப்பது பலம்தான். இடுப்பில் கை கொடுத்துத் தூக்கினேன்.

நான் உட்கார்ந்திருந்த வெயிலில் கொண்டுபோய் வைப்பதாகத்தான் எண்ணம். தூக்கினதும் தெரிந்தது, ஆளில் ஒன்றுமில்லை. தவிட்டு மூட்டை கனம். விலா எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் பட்டது. இவளா என்னைத் தள்ளினாள் என்று இருந்தது. “விடுடி, விடுடி” என்று காலை உதைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு படி இறங்கி வைத்தேன். அவள் தட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மிச்ச ஒன்பது படி இறங்கவில்லை.

“இங்கயா?” என்றாள்.

“இங்க.”

ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு தட்டும் காலியாயின. ரெட்டை மொட்டை என்று எங்களுக்குப் பேர் வைத்தார்கள். முடி வளர்ந்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை. நான் முடியைத் தோளுக்குக் கீழே வளர விடவில்லை. அவளோடு அதற்கப்புறம் சண்டையும் வரவில்லை.

அவள் படியில் நிழல் கொஞ்சம் முன்னாடியே போய்விடும். போனதும் தட்டைத் தூக்கி என் படிமேல் வைப்பாள். கேட்க மாட்டாள். நான் காலை மடக்கிக்கொள்வேன். நீளமான கால். மடக்குவது கொஞ்சம் சிரமம்தான்.