நீலம் போட்ட வேட்டி

பிரிண்டை மேஜை மேல் போட்ட செல்வராணி உட்காரக்கூட இல்லை.

“ஏண்ணே, இது எங்க வீட்டுப் பால்காய்ச்சு போட்டோவா, இல்ல ஆசுபத்திரியில காமாலைக்காரங்கள வரிசையா நிப்பாட்டி எடுத்ததா?”

படத்தைத் திருப்பிப் பார்த்தேன். பூம்பாறையில் அவர்கள் கட்டிய புது வீட்டின் வாசலில் இருபத்திரண்டு பேர் நிற்கிறார்கள். இடது பக்கமும் நடுவிலும் நிற்பவர்கள் நன்றாக இருந்தார்கள். வலது ஓரத்தில் நின்ற ஐந்து பேர் மட்டும் மஞ்சள் பூசியது போல இருந்தார்கள். அந்த ஐவரில் கடைசி ஆள் செல்வராணியின் வீட்டுக்காரர் தங்கவேல். பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்துவிட்டு, நான் ‘ரெடி’ சொன்ன பிறகு தோளில் துண்டோடு ஓடிவந்து ஓரத்தில் நின்றவர்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பெயர் பழனிச்சாமி. கொடைக்கானலில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. டார்க் ரூமில் தொடங்கியவன். கம்ப்யூட்டரைத் தப்புத் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். அந்தத் தப்புகளில் பெரியது இது.

1. லென்ஸ்

செல்வராணி வீட்டு வாசலுக்கு எதிரே எட்டு அடி சந்துதான். பின்னால் நகர்ந்தால் அடுத்த வீட்டுச் சுவர். இருபத்திரண்டு பேரும் வர வேண்டுமென்றால் வைடு லென்ஸ்தான் போட வேண்டும். எங்கள் முதலாளி ஜெபராஜ் தம்பியிடம் அவர் அப்பா காலத்து ஃபிலிம் கேமரா லென்ஸ் ஒன்று உண்டு. அடாப்டர் வைத்துப் புது கேமராவில் மாட்டுவோம். ஷார்ப்பாக இருக்கும். ஆனால் ஒரு வியாதி உண்டு. ஃபிலிமுக்காகச் செய்த லென்ஸ் அது. ஓரத்துக்குப் போகும் வெளிச்சம் சென்சாரில் சாய்ந்து விழும். அதனால் படத்தின் ஓரங்கள் இருட்டடிக்கும், அதோடு ரோஜா நிறமும் ஏறும். இருட்டை விக்னெட் என்பார்கள், நிறத்தைக் கலர் காஸ்ட் என்பார்கள்.

இதைச் சரிபண்ண சாஃப்ட்வேர் இருக்கிறது. படம் எடுத்த அதே லென்ஸில், வெளிச்சம் நுழையும் துளையின் அதே அளவில், அதாவது அதே அப்பர்ச்சரில், முன்னால் வெளிச்சம் ஊடுருவும் ஒரு வெள்ளைத் தகட்டை ஒட்டிவைத்து வெளிச்சத்தைப் பார்த்து ஒரு ஷாட் எடுக்க வேண்டும். முழுக்க வெள்ளையாக வர வேண்டிய படம் அது. எந்த மூலையில் இருட்டு, எந்த மூலையில் சிவப்பு என்று சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பெயர் புரொஃபைல். பிறகு நம் படத்திலிருந்து அந்தக் குறையை மட்டும் கழித்துவிடும். வெள்ளை என்று நாம் எதைக் காட்டுகிறோமோ அதைத்தான் அது வெள்ளை என்று நம்பும். அதற்கு வேறு வழி கிடையாது.

எங்கள் வெள்ளைத் தகடு சீசன் நெரிசலில் எங்கோ தொலைந்து போயிருந்தது. பிரிண்ட் அவசரம். கோயிலுக்கென்று வைத்திருந்த என் வேட்டி பையில் இருந்தது. அன்று காலை துவைத்து மடித்தது. வெள்ளைக்கு அதைவிட வெள்ளை எங்கே போவது என்று நினைத்தேன். லென்ஸோடு ஒட்டினால் சுருங்குகிறது என்பதால் ஜன்னலில் ஒரு சாண் தள்ளி விரித்துக் கட்டி, புரொஃபைல் எடுத்துவிட்டேன். ஓரத்துச் சிவப்பு போனதும் சந்தோஷம் தாங்கவில்லை. வலது பக்கம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்ததைச் காலை வெயில் என்று எண்ணி பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

2. நான் சொன்ன வார்த்தை

“சிரிக்காதீங்கண்ணே,” என்றார் செல்வராணி. நான் சிரிக்கவில்லை, அசடு வழிந்துகொண்டிருந்தேன். “எங்க நாத்தனா இதப் பாத்துட்டு, ‘எங்க அண்ணனுக்கு ஒழுங்கா கஞ்சி ஊத்துறியா, பட்டினி போடுறியா’ன்னு போன்லயே சண்ட. இவருக்கும் பத்து நாளாச் சோறு எறங்கல. அதான் படத்தப் பாத்ததும் பகீர்னு ஆயிருச்சு. டாக்டர்ட்ட காட்டலாம்னு இன்னைக்குக் கையோட கூட்டியாந்துட்டேன்.”

“அவரு எங்கம்மா?”

“மார்க்கெட்ல. பூண்டு மூட்டைய எறக்கிட்டு நிக்கிறாரு. ஊசின்னா பயம். அதனால மூட்டையப் புடிச்சுக்கிட்டு வர மாட்டேங்கிறாரு.”

ஜெபராஜ் தம்பி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். “என்னண்ணே ப்ராப்ளம்?”

சம்பளத்துக்கு இருப்பவனுக்கு முதலாளி முன்னால் வரும் பதற்றம் எனக்கும் வந்தது. வெரசாகச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் மனதில் நின்றது.

“இது படத்துல வந்த தப்பும்மா. லென்ஸ் பிரச்சனை. பாருங்க, பக்கத்துல நிக்கிற நாலு பேரும் மஞ்சளாத்தான இருக்காங்க. அஞ்சு பேருக்குமா காமாலை வரும்? ஆளுக்கு ஒண்ணும் இல்ல. நான் புதுசாப் போட்டுத் தாரேன்.”

செல்வராணி முகம் தெளிந்தது. “அப்பாடா! எம் வயித்துல பால வாத்தீங்கண்ணே. அப்ப நாங்க ரெண்டர பஸ்ஸுக்கே போயிருவோம். சோலி தலைக்கு மேல கெடக்கு.”

போய்விட்டார்கள். ‘ஆளுக்கு ஒண்ணும் இல்ல.’ பத்தாவது படித்த போட்டோக்காரன், ஆளைப் பார்க்காமலே சொன்ன வார்த்தை.

3. கிருத்திகைக் காலை

மறுநாள் கிருத்திகை. விரதம். வெள்ளனே குளித்துவிட்டு முருகன் கோயிலுக்குப் போக அந்த வேட்டியை எடுத்து வாசல் வெளிச்சத்தில் உதறினேன். ஒரு பக்கம் வெள்ளை. மறு பக்கம் மேகம் படர்ந்தது போல லேசான நீலம்.

“ராசாத்தி, இது என்ன இப்படி இருக்கு?”

என் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள். “சொட்டு நீலம் போட்டேன். வாளியில சரியாக் கலக்கல, ஒரு பக்கம் கூட ஏறிருச்சு. கட்டுனா மடிப்புக்குள்ள போயிரும். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கா போறீங்க?”

நான் அப்படியே நின்றுவிட்டேன். நீலம் ஏறிய பக்கத்தை லென்ஸுக்கு வலது புறமாகக் கட்டியிருக்கிறேன். சாஃப்ட்வேர் என்ன செய்யும்? ‘இந்த லென்ஸ் வலது பக்கம் நீலத்தைக் கூட்டுகிறது’ என்று நம்பி, படத்தில் வலது பக்கமிருந்து நீலத்தைக் கழித்திருக்கிறது. நீலத்தைக் கழித்தால் மிஞ்சுவது மஞ்சள். லென்ஸுக்கு ரோஜா நிற வியாதி மட்டும்தான். மஞ்சள் வியாதியைக் கொடுத்தது என் வேட்டி.

“போட்டோ புடிக்கிறதுக்கு வேட்டியக் கட்டுன ஒரே ஆளு நீங்கதான்,” என்றாள் விஷயத்தைக் கேட்ட ராசாத்தி. எனக்கும் சிரிப்பு வந்தது. காரணம் தெரிந்துவிட்டதே என்று நிம்மதி. சாமியிடம் நன்றிகூடச் சொன்னேன்.

ஸ்டூடியோவில் ஜெபராஜ் தம்பி போர்டு எழுதும் கடையிலிருந்து பால் நிற அக்ரிலிக் துண்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதை லென்ஸோடு ஒட்டிப் புது புரொஃபைல் எடுத்தேன். செல்வராணி வீட்டுப் படத்தின், கேமராவில் பதிந்தபடியே இருக்கும் ரா ஃபைலைத் திறந்து அப்ளை கொடுத்தேன். இருட்டு விலகியது. ரோஜா நிறம் போனது. மஞ்சளும் இல்லை. ஓரத்தில் நின்ற நாலு பேரும் கோதுமை நிறமும் கறுப்புமாக அவரவர் நிறத்துக்கு வந்துவிட்டார்கள்.

தங்கவேல் மட்டும் வரவில்லை.

4. துண்டு

கடைசி ஓரம் என்பதால் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது போல என்றுதான் முதலில் நினைத்தேன். நிறத்தை மாற்றும் ஸ்லைடரை நகர்த்தினேன். அவர் பக்கத்தில் நின்றவர் நீலமானார். திரும்பக் கொண்டுவந்தேன்.

“ஒரு ஆளுதானண்ணே? பிரஷ் போட்டு மஞ்சளக் கொறைச்சிட்டு அனுப்புங்க. வெளிய மூணு ஃபேமிலி வெயிட்டிங்,” என்றார் ஜெபராஜ் தம்பி.

அதுவும் சரிதான். இந்த மாதிரி எத்தனை முகங்களுக்குச் செய்திருக்கிறேன். ஜூம் பண்ணி, கன்னத்தில் பிரஷ் போட்டேன். நெற்றியில் போட்டேன். கண்ணுக்கு வந்தபோது கை அவர் தோளில் கிடந்த துண்டைத் தாண்டிப் போனது.

துண்டு வெள்ளையாக இருந்தது.

முகத்துக்கும் துண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. ஒரே வெளிச்சம், ஒரே லென்ஸ், ஒரே ஓரம். லென்ஸ் தப்பு என்றால் துண்டும் மஞ்சளாக வேண்டும். நேற்றைய பிரிண்டை எடுத்துப் பார்த்தேன். அதில் துண்டும் மஞ்சள். இதில் துண்டு வெள்ளை, கண் மட்டும் மஞ்சள். விழியைச் சுற்றி வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் பழுத்த எலுமிச்சை போல இருந்தது.

நான் அண்டூ அழுத்திக்கொண்டே போனேன். நான் போட்ட பிரஷ் எல்லாம் போய், அவர் முகம் அவரிடம் திரும்பி வந்தது.

செல்வராணிக்குப் போன் போட்டேன். டவர் இல்லை. மறுபடி, மறுபடி. உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடந்தேன். படத்தைத் தம்பியிடம் காட்டினேன். அவர் துண்டைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். “கர்த்தரே,” என்றார். “போங்கண்ணே. கடைய நான் பாத்துக்குறேன்.”

புதிதாக ஒரு பிரிண்ட் போட்டு, பழையதையும் சேர்த்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ரெண்டரை பஸ்ஸில் ஏறினேன். டூரிஸ்ட் வேன்களுக்குப் பின்னால் அது நின்று நின்று போனது. வளைவுக்கு வளைவு பனிமஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. கண்டக்டரிடம் மூன்று முறை நேரம் கேட்டேன். “எறங்கித் தள்ளுறீங்களா, வெரசாப் போகலாம்,” என்றார். விரத வயிறு. முருகா, முருகா என்பதைத் தவிர வாயில் வேறெதுவும் வரவில்லை. நேற்று அவர்கள் டாக்டரைப் பார்க்கக் கொடைக்கானல் வரை வந்தவர்கள். திருப்பி அனுப்பியது நான்.

தங்கவேல் புது வீட்டுக்குள் மப்ளர் சுற்றிக்கொண்டு பூண்டைக் கட்டுக் கட்டாக முடிந்துகொண்டிருந்தார். நாலு மணிக்கே லைட் போட்டிருந்தார்கள். மஞ்சள் பல்பு.

“வாங்க போட்டோக்காரரே. நாங்க வெள்ளையாயிட்டமா?”

“மத்தவங்க ஆயிட்டாங்க.”

செல்வராணி காபி டம்ளரோடு வந்தவர் நின்றுவிட்டார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

“நல்லாருக்குண்ணே உங்க நாயம்,” என்றார் செல்வராணி. “நேத்து ஆளுக்கு ஒண்ணுமில்லன்னீங்க. இன்னைக்கு ஆளுக்குத்தான்னு வந்து நிக்கிறீங்க. நாளைக்கு வந்து என்ன சொல்லுவீங்க?”

இரண்டு பிரிண்டையும் தரையில் பூண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“நான் சொல்றத நம்ப வேணாம்மா. துண்ட மட்டும் பாருங்க. இதுல மஞ்சள், அது என் வேட்டி செஞ்ச தப்பு. இதுல வெள்ளை. இப்பக் கண்ணப் பாருங்க.”

அவர் இரண்டையும் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார்.

“எந்திரிச்சு வெளிச்சத்துக்கு வாங்க.”

“பூண்டு சோலி கெடக்குடி.”

“பூண்டு கால் மொளைச்சு ஓடாது. எந்திரிங்கங்கிறேன்ல!”

வாசலுக்கு இழுத்துவந்து, மோவாயைத் தூக்கி, கட்டை விரலால் கண்ணின் கீழிமையை இறக்கிப் பார்த்தார். மற்றக் கண்ணையும் பார்த்தார். பிறகு கேட்டார்: “ராத்திரி நடுக்கிக்கிட்டு சொரம் வந்துச்சுல்ல? காலையில கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னு ஏன் சொன்னீங்க?”

தங்கவேல் என்னைக் கை காட்டினார். “போட்டோக்காரரே ஒண்ணுமில்லன்னுட்டாருல்ல.”

கிண்டலாகச் சொல்லவில்லை அவர். நம்பித்தான் சொன்னார். அதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாத வார்த்தை.

காரட் ஏற்றிய பிக்கப் ஒன்று கொடைக்கானலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள், நான் மூட்டை மேல். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். பித்தம் இறங்கும் குழாயில் கல் அடைத்திருக்கலாம், காய்ச்சலும் இருப்பதால் உடனே மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் கேட்டார்: “எப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும். ஏன் லேட்?”

செல்வராணி என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“நேத்து வந்தோம் டாக்டர். பாதியில திரும்பிட்டோம்.”

5. எந்தப் பிரிண்ட்

மதுரையில் கல்லை எடுத்தார்கள். தங்கவேல் பிழைத்தார். முருகன் காப்பாற்றினான் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உடம்பு தேறிய பிறகு இரண்டு பேரும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். நான் புது பிரிண்டை எடுத்து வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “கண்ண மட்டும் வெள்ளையாக்கித் தரட்டுமா? வீட்டுல மாட்டுற படம்.”

“எங்க நாத்தனா வீட்டுக்கு ஒண்ணு வெள்ளையாக்கிக் குடுங்க,” என்றார் செல்வராணி. “அவுகளுக்குப் பதில் சொல்லி மாளாது. எங்க வீட்டுக்கு இப்படியே இருக்கட்டும்.”

“எம் மூஞ்சிய மஞ்சளா மாட்டணுமாக்கும்?” என்றார் தங்கவேல்.

“ஆமா. தெனமும் அதப் பாத்துட்டு என்னைய ஏமாத்தாம உண்மையச் சொல்லுங்க.”

புதிதாக வருகிறவர்களே, புரொஃபைல் எடுக்கும்போது தகட்டை லென்ஸோடு ஒட்டிப் பிடியுங்கள். துவைத்த துணியை வெள்ளை என்று நம்பாதீர்கள். இது தொழில் பாடம், யாரும் சொல்லித்தருவார்கள். எனக்கு மிஞ்சியது வேறு. லென்ஸ் செய்த தப்பை எடுப்பதுதான் நம் வேலை. எடுத்த பிறகும் ஒரு முகத்தில் ஏதாவது மிச்சம் இருந்தால், பிரஷைத் தொடுவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் துண்டைப் பாருங்கள். படத்தில் தப்பு என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆளுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல இல்லை.

ராசாத்தி எத்தனை முறை துவைத்தும் அந்த நீலம் முழுக்கப் போகவில்லை. தங்கவேலுக்கு நேர்ந்துகொண்டபடி பழனி மலைப் படி ஏறியபோது அதையேதான் கட்டிக்கொண்டு போனேன். கூட ஏறியவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அது வெள்ளை வேட்டிதான்.