காவலிருந்த பிற்பகலில் நனைந்த குடை

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற ஆள் நான். முப்பத்தொரு வருடங்கள் நில அளவையாளனாக வேலை செய்தவன். முதலில் இலங்கையில், பின்பு சிட்னியில். கண்ணால் கண்டு, கருவியால் அளந்து, குறிப்பேட்டில் பதியாத எதையும் இருக்கிறது என்று நான் சொன்னதில்லை. குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் மூத்தோர் சங்கத்தின் மதிய உணவுக்குப் பிறகு எவராவது ஊர்ப் பேய்க்கதை தொடங்கினால், "அளந்து பாத்தனீங்களோ?" என்று நான் கேட்பது அங்கே ஒரு பகிடியாகவே நிலைத்துவிட்டது. அந்த ஆளே இப்போது இப்படியொன்றை எழுதுகிறான் என்று தெரிந்தால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே என் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் உரிமை. நானே உங்கள் இடத்தில் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இது சிட்னியில் நடந்ததல்ல. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கலீசியா என்றொரு மாநிலம் இருக்கிறது. ஸ்பெயின் என்றால் வெயில் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அங்கே பெய்வது நம் ஊர் மாரி மழையைப் போல அடித்துவிட்டு ஓய்கிற மழை அல்ல. காலையில் தொடங்கி, யாருக்கும் அவசரமில்லாததுபோல நாள் முழுவதும் பெய்துகொண்டே இருக்கும். என் ஒரே மகள் மாதங்கி அங்கே, பழைய கற்கட்டடங்களைப் பழுதுபார்த்துப் பேணும் துறையில் ஒரு வருட முதுகலைப் படிப்புக்குப் போயிருந்தாள். ஆனியில் முடியவேண்டிய படிப்பு, மார்கழி வரை நீளும் என்றாள். காரணம் கேட்டபோது தெளிவான பதில் வரவில்லை.

ஞாயிறு மாலைகளில், அங்கே ஞாயிறு காலை, வீடியோவில் பேசுவாள். அப்படிப் பேசும்போதுதான் அவளுக்குப் பின்னால் வாசலடியில் அந்தக் குடையைக் கண்டேன். மகளுடையது மடித்துக் கைப்பையில் வைக்கிற மஞ்சள் குடை. இது நீண்ட கறுப்புக் குடை, வளைந்த மரப்பிடி, ஆண்கள் பிடிக்கிற குடை. சுவரில் சாய்ந்திருந்தது, அதன் முனையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் சிறு குட்டையாக நின்றது. காலையில் இன்னும் வெளியே போகவில்லை என்று அவள் சொல்லி முடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த ஞாயிறும் அதே குடை, அதே ஈரம். நான் என்ன நினைத்திருப்பேன் என்று விளக்கத் தேவையில்லை. இங்கே சிட்னியில், கெல்லிவில்லில் ஒரு நல்ல குடும்பம் அவளுடைய சாதகத்தைக் கேட்டு வைத்திருந்தது. ஆவணிக்குள் பிள்ளை வந்துவிடுவாள் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த ஆவணியும் போய்விட்டது.

"இஞ்சாருங்கோ, ஒரு குடையைக் கண்டிட்டு விமானம் ஏறுற ஆள் உலகத்திலை நீங்கள் ஒராள்தான்," என்றாள் என் மனைவி கமலா. முழங்கால் வலியால் அவளால் வரமுடியவில்லை. நான் குளிரில் நடுங்கக்கூடாதென்று தான் பின்னிய சாம்பல்நிறச் சுவெற்றரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

ஐப்பசியில் போய் இறங்கினேன். மகள் இருந்தது மூன்றாம் மாடியில் ஓர் அறையும் குசினியும் கொண்ட பழைய கல்வீடு. முதல் நாளே, அவள் குளிக்கும்போது, பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டேன்: பல் தூரிகை ஒன்று, செருப்பு ஒரு சோடி, சவரச் சாமான் எதுவுமில்லை. ஆனால் குடை இருந்தது. ஆருடையது என்று கேட்டேன். வீட்டுக் குடை, அவள் வரமுன்னரே கிடந்தது என்றாள். நாங்கள் இருவரும் அவளுடைய குடையோடும் நான் சிட்னியிலிருந்து கொண்டுபோன குடையோடும் கடைக்குப் போய் வந்தோம். திரும்பி வந்து நான் கறுப்புக் குடையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். அவளிடம் சொன்னதற்கு, இந்த ஊரில் சுவரே நனைந்துதான் இருக்கும், குடை காயுமா என்று சிரித்தாள்.

கீழ்மாடியில் வீட்டுக்காரி கார்மென் என்றொரு வயதான பெண்மணி இருந்தார். மகளை மொழிபெயர்க்கச் சொல்லி அவரிடமும் குடையைப் பற்றி விசாரித்தேன். அந்த அம்மா கைகளை அசைத்து ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினார். மகள் எனக்குச் சொன்னது மூன்றே சொல்: "அவவுக்கும் தெரியாதாம் அப்பா." ஒரு நிமிடப் பேச்சு மூன்று சொல்லாகச் சுருங்கினால், மிச்சம் எங்கே போயிற்று? அளவையில் நிலம் அப்படிக் குறைந்தால் நான் விட்டுவிடுவேனா?

நாலாம் நாள் மகளுக்கு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை வகுப்பு. ஒன்றரைக்குப் புறப்பட்டாள். யன்னலால் பார்த்தேன், மஞ்சள் குடை கல்தெருவில் இறங்கிப் போனது. இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பின்னாலே போய்ப் பார்ப்போமா என்ற எண்ணம் எனக்கு வந்தது. கறுப்புக் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுவரை போனேன். பெற்ற பிள்ளையை ஒளிந்து பின்தொடரும் தகப்பன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. திரும்பி வந்தேன். குடையைக் குசினித் துணியால் ஈரம் போகத் துடைத்து, கீழே ஒரு காய்ந்த பத்திரிகைத் தாளை விரித்து, அதன்மேல் நிறுத்தினேன். அவளில்லாத நேரத்தில் எவனோ வந்துபோகிறான், வந்தால் கையும் களவுமாகப் பிடிப்பது என்பது என் திட்டம். கதவை உள்ளே பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டேன். கதவுக்கும் நிலைக்கும் இடையில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைச் செருகினேன். கதவு ஓர் அங்குலம் அசைந்தாலும் அது விழும். பிறகு கதிரையைக் குடைக்கு நேரே போட்டு உட்கார்ந்து, அளவைக் குறிப்பேட்டைத் திறந்தேன்.

அந்தக் குறிப்பேட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் தொழிலில் பதிந்ததை அழிக்கக்கூடாது. பிழை நேர்ந்தால் ஒரே கோடு கிழித்து, அருகில் கையெழுத்துச் சுருக்கம் வைத்து, மேலே சரியானதை எழுதவேண்டும். அடியிலிருக்கும் பிழையும் எப்போதும் வாசிக்கத்தக்கதாக இருக்கவேண்டும். என் குறிப்பேடுகளைக் காணி வழக்குகளில் நீதிமன்றம் கேள்வியில்லாமல் ஏற்றிருக்கிறது. ஓய்வுபெற்ற பின்னும் ஒன்றை என்னோடு வைத்திருப்பது பழக்கம்.

பத்து நிமிடத்துக்கொரு முறை எழுந்து, குடையைத் தொட்டு, எழுதினேன். 1.50, காய்ந்தது. 2.00, காய்ந்தது. இப்படியே போனது. ஆணையாகச் சொல்கிறேன், நான் கண்ணயரவில்லை. கையெழுத்தைப் பாருங்கள், ஓர் எழுத்துக்கூடச் சரியவில்லை. 3.20, காய்ந்தது. பிறகு யன்னலில் மழை கொஞ்சம் பலத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். 3.30க்கு எழுந்து குடையைத் தொட்டேன். கை நனைந்தது. துணி முழுவதும் நீர்த்துளி. விரித்திருந்த பத்திரிகைத் தாள் ஊறிக் கிழிந்து தரையோடு ஒட்டியிருந்தது. கதவுக் காகிதம் வைத்த இடத்திலேயே இருந்தது. திறப்பு என் சட்டைப்பையில். மேலே பார்த்தேன், கூரையில் ஒழுக்கில்லை, ஈரத்தடமில்லை.

3.30, நனைந்திருக்கிறது என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது? ஹீற்றரின் புழுக்கத்தில் சுவெற்றரைக் கழற்றிக் குளியலறையில் மாட்டிவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

ஐந்தரைக்கு மாதங்கி வந்தாள். அவள் தன்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்தபோது காகிதத் துண்டு கீழே விழுந்ததை என் இரண்டு கண்களாலும் கண்டேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. நேரே குடையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இண்டைக்கு வெளியிலை போனீங்களோ?"

இல்லையென்றேன்.

"நான் கண்டனான். கிளாஸ்றூம் யன்னலாலை கண்டனான். மூண்டரைக்குக் கொஞ்சம் முந்தி. முன்னாலை இருக்கிற மரத்தடியிலை இந்தக் குடையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள், அம்மா பின்னின சுவெற்றரோடை. ரெண்டடி தள்ளிப் போனா மண்டபம், நனையாமல் நிண்டிருக்கலாம். மழைக்குள்ளை நிண்டு என்ரை யன்னலையே பாத்துக்கொண்டிருக்கிறீங்கள். ஃபிரெண்ட்ஸ் எல்லாம் 'ஹூ இஸ் தற் மேன்' எண்டு கேக்கினம். நான் என்னத்தைச் சொல்லுறது?"

நான் குறிப்பேட்டைக் காட்டினேன். வீட்டிலிருந்து அவளுடைய வகுப்புக்கு இருபத்திரண்டு நிமிட நடை. முதல் நாளே நடந்து கணக்கெடுத்திருந்தேன். 3.20க்கும் 3.30க்கும் இடையில் போய்வர எவராலும் முடியாது என்று விளக்கினேன். விழுந்துகிடந்த காகிதத்தையும் காட்டினேன்.

"திரும்பி வந்து பேப்பரைச் செருகியிருக்கலாம். புத்தகத்திலை என்ன வேணுமெண்டாலும் எழுதலாம்," என்றாள். பிறகு அவளுடைய குரல் உடைந்தது. "நான் ஏன் இஞ்சை நிக்கிறன் எண்டுதானே அறிய வேணும்? நான் ஃபெயில், அப்பா. ரெண்டு பாடம். திருப்பி எழுதுறன். நீங்கள் அங்கை சங்கம் முழுக்க, கிளாஸிலை முதலாவதாய் வந்திட்டாள் எண்டு சொல்லிப்போட்டு இருக்கிறீங்கள். எப்பிடிச் சொல்லுறது உங்களுக்கு?"

உண்மைதான். அவள் இடைத்தேர்வில் ஒருமுறை முதலாவதாக வந்ததை நான் மூத்தோர் சங்கத்தில் மூன்று முறை சொல்லியிருந்தேன்.

அடுத்த இரண்டு நாட்கள் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைப் போட்டு வைப்பாள், கதவைச் சாத்திக்கொள்வாள். சிட்னியிலிருந்து கமலா தொலைபேசியில், பிள்ளை இனிமேல் உங்களிடம் ஒன்றும் வாய்திறந்து சொல்லமாட்டாள், யோசித்து நடவுங்கள் என்று மட்டும் சொன்னாள். மெய்யையே பிடித்துக்கொண்டு நின்றால் மகளை இழந்துவிடுவேன் என்று எனக்குப் புரிந்தது. மூன்றாம் நாள் காலை, அவளுக்கு முன்னால் குறிப்பேட்டை வைத்தேன். 1.50 முதல் 3.30 வரையான வரிகளை ஒவ்வொன்றாகக் கோடு கிழித்து, சுருக்கம் வைத்து, மேலே எழுதினேன்: 'வெளியே சென்றேன். மகளைப் பின்தொடர்ந்தேன்.' என் வாழ்நாளில் நான் அந்தக் குறிப்பேடுகளில் பதிந்த ஒரே பொய். அவள் அதை வாசித்து, குறிப்பேட்டை மூடி என் பக்கம் தள்ளினாள்.

"ஒத்துக்கொள்ள இவ்வளவு நாளோ?" என்றாள் கடைசியில். பிறகு தேத்தண்ணி போட்டுத் தந்தாள்.

அவள் மறுதேர்வில் சித்தியடைந்தாள். கெல்லிவில் சம்பந்தம் போய்விட்டது. அதைப் பற்றி இப்போது எனக்குக் கவலையில்லை. இப்போது அவளுக்கு மெல்பேர்னில் வேலை, அங்கேயே டார்னெய்ட்டில் சிறு வீடு. வீட்டில் எனக்கு 'சி.ஐ.டி. அங்கிள்' என்று பட்டம் வந்துவிட்டது. மகளுடைய சிநேகிதிகள்கூட அப்படித்தான் அழைக்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொள்கிறேன். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புப் பெற்றவன் அதைத்தான் செய்யமுடியும்.

இதை இங்கேயே முடித்திருப்பேன், எழுதியே இருக்கமாட்டேன். போன மாதம் மாதங்கி வீட்டுக்கு வந்திருந்தாள். பழைய ஃபோனில் உள்ளதையெல்லாம் அழிக்குமுன் படங்களை அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தவள், "அம்மா, சி.ஐ.டி. அங்கிளின்ரை எவிடென்ஸைப் பாருங்கோ," என்று சிரித்தாள். அன்று வகுப்பு யன்னலிலிருந்து எடுத்த படம். கோபத்தில் அம்மாவுக்கு அனுப்ப எடுத்து, பிறகு அனுப்பாமல் விட்டிருக்கிறாள். எனக்கும் அதுவரை தெரியாது.

மரத்தடியில் ஒருவர் நிற்கிறார். முகத்தைக் குடையின் விளிம்பு மறைத்திருக்கிறது. மற்றதெல்லாம் நான்தான்: என் காற்சட்டை, என் சப்பாத்து, அந்தச் சாம்பல்நிறச் சுவெற்றர். குடையை அவர் தலைக்கு நேரே பிடிக்கவில்லை. வலப்பக்கமாக, தன்னை விட்டு நன்றாகச் சரித்துப் பிடித்திருக்கிறார். அதனால் இடத்தோள் முழுவதும் மழையில் ஊறிக் கறுத்திருக்கிறது. வலப்பக்கத்தில், குடைக்குக் கீழே, ஒருவரும் இல்லை.

மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். கமலா கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெருப்பித்து, வெகுநேரம் பார்த்தாள்.

"உங்களை நனைய விட்டிட்டு ஆருக்குப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்?" என்று கேட்டாள்.

நான் எழுந்து போய்விட்டேன். பேச்சைத் தவிர்க்கத்தான் போனேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

அன்று ஹீற்றரின் புழுக்கத்தில் சுவெற்றரைக் கழற்றினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். தொழில் விதிப்படி அந்த வரியை அழிக்காமல் விட்டுவைத்து, சரியானதை இங்கே பதிகிறேன். ஹீற்றர் அன்று போடப்படவில்லை. 3.30க்குக் குடையைத் தொட்ட கையை எடுத்தபோது தோளில் குளிர் ஏறியது. தடவிப் பார்த்தேன். சுவெற்றரின் வலப்பக்கம் காய்ந்திருந்தது. இடத்தோள் பிழிந்தால் வடிகிற அளவுக்கு நனைந்திருந்தது. மகள் வருவதற்குள் அதைக் கழற்றிக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் மறைத்தேன். இன்றுவரை கமலாவுக்கும் சொல்லவில்லை.