அலையாத்திக்கு நூற்றொரு ரூபாய்

பத்திரிகை வேலையை விட்ட பிறகு நான் போட்ட ஒரே விண்ணப்பம் அது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் காடுகளின் பொருளாதாரமும் பல்லுயிர் வளமும் சேர்ந்த முனைவர் பட்ட ஆய்வு. நான்கு ஆண்டுகளுக்கு முழு உதவித்தொகை. இருந்தது ஒரே ஓர் இடம். அடுத்தவர் எழுதியதைத் திருத்திக்கொண்டே பொருளாதாரத்தில் முதுகலை முடித்திருந்தேன். வயது முப்பத்தாறு. இந்த இடம் கிடைக்காவிட்டால் விளம்பர நிறுவனத்தில் சோப்புக்கும் சிமெண்டுக்கும் வாசகம் எழுதப் போக வேண்டும். அங்கிருந்து இரண்டு முறை ஃபோன் செய்துவிட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று இரண்டு முறையும் சொன்னேன்.

நேர்காணலுக்கு முன்பு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். சொந்த ஊரிலுள்ள ஒரு காட்டைத் தேர்ந்தெடுத்து, அது அழியாமலிருக்க மக்கள் எவ்வளவு பணம் தரத் தயாராக இருக்கிறார்கள் என்று சில வீடுகளில் கேட்டுவர வேண்டும். சந்தையில் விலை இல்லாத ஒன்றுக்கு மதிப்புப் போட இந்தத் துறையில் புழங்கும் வழி அது. அடையாறு கழிமுகத்தின் அலையாத்தி மரங்களை எடுத்துக்கொண்டேன். உப்புநீரில் வேரூன்றி நிற்பவை. பாலத்தைக் கடக்கும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவர்கள் வெறும் புதர் என்று நினைப்பார்கள்.

"இந்த மரங்களைக் காப்பாத்த வருஷத்துக்கு எவ்வளவு கொடுப்பீங்க?" இதுதான் நான் தமிழில் எழுதிய கேள்வி. பலமுறை படித்துப் பார்த்தேன். வாக்கியத்தில் பிழை இல்லை. பிழை காலண்டரில் இருந்தது. அது ஆடி மாதம்.

ஆடியில் சென்னையில் வாசலில் நின்று எவ்வளவு கொடுப்பீங்க என்று கேட்டால் அது வசூல். அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற, இல்லாவிட்டால் விளக்கு பூஜைக்கு. கேட்பவரின் முகத்தைப் பார்த்து ஒரு தொகை சொல்வார்கள்.

மயிலாப்பூரில் எங்கள் மாடி வீட்டில் இருக்கும் மாமி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மரங்களின் படத்தைப் பார்த்தார். நண்டு, இறால் குஞ்சு, புயல் நேரத்து அலை என்று நான் சொல்லி முடிக்கும்வரை தலையாட்டினார்.

"நூத்தியொண்ணுன்னு போட்டுக்கோ. மாமா பேர்ல எழுது. ரசீது குடுப்பியோன்னோ?"

பணம் வாங்க வரவில்லை, கேட்க மட்டும்தான் வந்தேன் என்றேன்.

"வாங்கிக்காம எதுக்குடி கேட்டுண்டு வரே?"

அதில் கேலி இல்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

கழிமுகத்தை ஒட்டிய ஆற்றோரக் குடியிருப்பில், குழாயடியில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னை முடிக்கவே விடவில்லை. "கூழுக்கா? அம்பத்தியொண்ணு எய்திக்கோ." மரத்துக்கு என்று விளக்கினேன். குடத்தைக் கீழே வைத்தார். "ஆத்த சுத்தம் பண்றோம், மரம் வெக்கிறோம்னு சொல்லித்தான் எங்க அக்கா வூட்ட தூக்கினு போயி ஊருக்கு வெளிய போட்டாங்க. இப்ப அதுக்கு நானே துட்டு வேற குடுக்கணுமா? நல்லா கீது மேடம்." அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர், சொன்ன ஐம்பத்தொன்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த வரியில் பூஜ்யம் என்று எழுதினேன். பூஜ்யமும் சரியான எண் இல்லை என்பது எழுதும்போதே தெரிந்தது.

விடைகளைக் கணினியில் ஏற்றியபோதுதான் கவனித்தேன். ஐம்பத்தொன்று, நூற்றொன்று, இருநூற்றொன்று. சில பூஜ்யங்கள். நடுவில் எதுவும் இல்லை. நான் அளந்துவந்தது காடு அல்ல, மொய்.

மறுபடி எல்லா வீடுகளுக்கும் போக நேரமில்லை. முன்பு என்னோடு செய்திப் பிரிவில் இருந்த தோழியைத் தி. நகரில் ஒரு காபிக் கடையில் சந்தித்தேன். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"மச்சி, அந்த ஒண்ண எடுத்துட்டு ரவுண்டு பண்ணிடு. அங்க இருக்கறவங்களுக்கு மொய் தெரியுமா, கூழு தெரியுமா?"

அவள் சொன்னபடி செய்துபார்த்தேன். சராசரி ஏறக்குறைய மாறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. இது மரத்தின் மதிப்பல்ல என்று காட்டிக்கொடுத்தது அந்த ஒற்றை ரூபாய் மட்டுமே. அதை எடுத்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு விதமாகவும் வரைபடம் போட்டு, இரண்டையும் திரையில் திறந்துவைத்துக்கொண்டுதான் நேர்காணலுக்கு உட்கார்ந்தேன்.

வீடியோவில் மூன்று பேர். மாடி வீட்டில் மிக்ஸி ஓடியது. எதைக் காட்டுவது என்று முடிவு செய்திருக்கவில்லை. ரவுண்டு செய்த படம் இருந்த ஜன்னலின் மேல்தான் சுட்டி நின்றது. ஆய்வை வழிநடத்தப்போகும் பேராசிரியை, கேள்வியை முதலில் உங்கள் மொழியிலேயே வாசித்துக் காட்டுங்கள் என்றார். வாசித்தேன். என் குரல் எனக்கே வசூலுக்கு வந்தவளின் குரலாகக் கேட்டது. மற்றொரு படத்தைத் திறந்தேன்.

எல்லாத் தொகையும் ஏன் ஒன்றில் முடிகிறது என்று உடனே கேட்டார். நல்ல காரியத்துக்குக் கொடுப்பதை எங்கள் ஊரில் பூஜ்யத்தில் முடிக்கமாட்டார்கள் என்றேன். அப்படியானால் இந்த எண்கள் எதை அளக்கின்றன என்றார். வாசலில் வந்து நின்ற என்னை, என்றேன். மூவரும் குனிந்து எழுதினார்கள். நான்கு ஆண்டுகள் கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்று கடைசியில் ஒருவர் கேட்டார். பணத்தில் கேட்காமல் இதைக் கேட்க வழி உண்டா என்று தேடுவேன் என்றேன். பணத்தை வைத்து நடக்கும் துறையில் சொல்லக்கூடிய பதிலா அது என்று திரை இருண்ட பிறகுதான் தோன்றியது.

ஆவணி பிறந்த பிறகு பதில் வந்தது. தலைப்புக்கும் முதல் பத்திக்கும் இடையில் உண்மையைத் தேடும் பத்திரிகைப் பழக்கம் இன்னும் போகவில்லை. இடம் வேறொருவருக்கு. நான் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். அவர் ஏற்க மறுத்தால் எனக்கு. அவர் முடிவு சொல்ல மாதக் கடைசிவரை அவகாசம். அவர் எந்த நாடு, ஆணா பெண்ணா, எதுவும் இல்லை.

விளம்பர நிறுவனத்தின் மூன்றாவது அழைப்பை எடுக்காமல் விட்டேன். அன்று மாலை மாட வீதிக்குக் காய்கறி வாங்கப் போனவள், கோயிலுக்குள் போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கிக்கொண்டு நின்றேன். முகம் தெரியாத அந்த ஆளுக்கு இதைவிடப் பெரிய இடம், இதைவிடக் கூடுதல் உதவித்தொகை கிடைக்க வேண்டும். இவ்வளவு மனப்பூர்வமாக யாருக்காகவும் நான் வேண்டிக்கொண்டதில்லை.

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு? நட்சத்திரம்?" என்றார்.

"பேர் தெரியாது. ஆனா அவங்களுக்குத்தான்."

என்னை ஒருமுறை பார்த்தார். பின்னால் வரிசை நீண்டிருந்தது.

"சுவாமி பேருக்கே பண்ணிடறேன்," என்று உள்ளே திரும்பினார்.