சதவீதக் குறிகளை அழித்த கதை

போன வாரம் ஒரு புடவைக்கடைக் கண்ணாடியில் ஆளுயரத்துக்குச் சதவீதக் குறி ஒட்டியிருந்தார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்து உள்ளே ஓடினார்கள். நான் எதிர்ப்பக்கம் நடையைக் கட்டினேன். சிரிக்காதீர்கள். அந்தக் குறியால் ஒரு தோட்டத்துச் சனங்களையே சண்டைக்கு இழுத்தவள் நான்.

இரண்டாயிரத்து நாலு. இலங்கையில் யட்டியாந்தோட்டையில், ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கணினி நிலையம். புகைபோட்ட ஷீட்டின் வாசம் படியேறி வந்து கீபோர்டில் உட்கார்ந்துகொள்ளும். இன்றும் கணினியைத் திறந்தால் அந்த வாசம் வராதது எனக்குக் குறையாகத்தான் இருக்கிறது.

நிலையத்தை நடத்திய செல்வராணி அக்கா ஒருநாள் நாலு பிளாப்பிகளை நீட்டினார். “இத இன்டர்நெட்ல போட்டுடு புள்ள. இந்தியா போன சொந்தக்காரங்க தேடிப் பாப்பாங்க.”

எங்கள் தோட்டத்துக் குடும்பங்களின் விவரப் புத்தகம் அது. அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்னால் ஒரு கணிதப் பட்டதாரி தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி எழுதி, அச்சிட்டது. பிறகு அவர் வெளிநாடு போய்விட்டார். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, நடுநடுவே சாய்கோடும் வளைவுக்கோடுமாகக் கட்டளைகள் போட்டிருந்தார். அதை அழகான தமிழ்ப் புத்தகமாக்கும் மென்பொருள் அவரோடு போய்விட்டது.

வலைப்பக்கமாக மாற்ற இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினேன். அது தனக்குப் புரியாத ஒவ்வொரு தமிழ்ப் பெயரையும் குட்டிப் படமாக்கித் தந்தது. தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார்கள். இன்னொன்று எழுத்தைத் தமிழாக்கியது. குறிகளை அப்படியே விட்டது. சாய்கோடு, வளைவுக்கோடு, சதவீதக் குறி எல்லாவற்றையும் குப்பை என்று நினைத்து ஒரே அமுக்கில் அழித்தேன். பக்கம் பளிச்சென்று ஏறியது. அக்கா பெருமை தாங்காமல் அதை அச்செடுத்துக் கோயில் சுவரிலும் ஒட்டிவிட்டார்.

மறுநாள் காலை வேலாயுதம் அண்ணன் அடையாள அட்டையோடு மாடியேறி வந்தார்.

“எம் பேருக்குப் பக்கத்துல ‘சந்தேகம்’னு போட்டிருக்கீங்களே, நான் இருக்கேனா இல்லையாங்கிறதா சந்தேகம்?”

பின்னாலேயே இன்னும் பலர். ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் ‘வயது பொய்’. இன்னொருவருக்கு ‘இரண்டாவது வீட்டை எழுத வேண்டாம்’. வேறொரு வீட்டுக்கு ‘கருவாட்டுக் குழம்பு அருமை’. அவர்கள் மட்டும் நன்றி சொல்ல வந்திருந்தார்கள்.

அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் புத்தக மென்பொருளில் சதவீதக் குறிக்குப் பின்னால் எழுதுவது அச்சில் வராதாம். பட்டதாரி தனக்கென்று மறைத்து வைத்த குறிப்புகளை நான் ஊருக்குத் திறந்துவிட்டிருந்தேன்.

கடைசியாக வந்தவர் கோயில் கமிட்டித் தலைவர் மருதமுத்து மாமா. அவர் பெயருக்குக் கீழே இருந்தது: ‘தங்கை பாக்கியம், வேற்றுச் சாதிக் கல்யாணம், இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். அவள் பெயரைப் போடாதே என்கிறார் அண்ணன். சொல்லும்போது அழுகிறார்.’

“நான் எப்ப அழுதேன்?” என்று கத்தினார். “அத இப்பவே எடு!”

எடுக்க உட்கார்ந்தேன். இன்டர்நெட்டுக்கு டெலிபோன் லைன் கிடைக்கவில்லை. அன்றும் மறுநாளும் மழை. மூன்றாம் நாள் லைன் கிடைத்தபோது பக்கத்தைப் பார்த்துவிட்டு இந்தியாவில் கோத்தகிரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது: ‘பாக்கியம் என் அம்மா. மாமா உயிரோடு இருக்கிறாரா?’ கீழே ஒரு தொலைபேசி எண்.

மாமாவைக் கூட்டிவந்து வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னவர், “போன் போடு” என்றார்.

முப்பது வருடங்களுக்குப் பிறகு அண்ணன் தங்கையிடம் கேட்ட முதல் கேள்வி: “என் கொடைய எதுக்குடி எடுத்துட்டுப் போன? அந்த மழையில நான் எப்படி வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்குப் போவேன்னு நெனச்சியா?”

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, மாமா தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். போகும்போது படியில் நின்று, “அது இருக்கட்டும் புள்ள, எடுக்காத” என்றார்.

மாமா இப்போது இல்லை. இலவசமாக இடம் கொடுத்த வலைத்தளமும் சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிட்டது. பிளாப்பிகளில் பூஞ்சணம். பட்டதாரி அன்று அச்சிட்ட புத்தகம் மட்டும் என் அலமாரியில் பிழையில்லாமல், அழகாக இருக்கிறது. அதில் மருதமுத்துவுக்குத் தங்கை இல்லை.