வலது காதுக்கு ஒரு கதிரை

வெள்ளவத்தையில் இருப்பவர்கள் வாகனப் பந்தயம் பார்க்க டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. பின்னேரத்தில், காலிக்குப் போகிற பெரிய வீதியோரம் நின்றால் போதும். ஒரே இலக்கப் பஸ்கள் இரண்டு ஒரே தரிப்பிடத்துக்கு முந்தியடித்து வருவதை இலவசமாகப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் மறுநாளும் உயிரோடு வந்து பார்க்கலாம். இருந்தும் கோட்டைப் பக்கம் தெருக்களை மறித்து, கரையெல்லாம் கம்பிவலை அடித்து, இரும்புப் படிகளில் கதிரை போட்டுப் பந்தயம் வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், என் கணவர் போக வேண்டும் என்றார். கலியாணம் முடித்த நாள் தொடக்கம் அவர் தனக்கென்று வேண்டும் என்று கேட்டவை சீனி போடாத தேத்தண்ணியும் இதுவும்தான்.

அவர் ஒரு காப்புறுதிக் கம்பனியில் அடிபட்ட வாகனங்களைப் பார்த்து இழப்பீடு மதிப்பிடும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கார்களைப் பார்ப்பதைவிடக் கேட்பதில்தான் அவருக்குப் பிரியம். படுக்கையில் கிடந்தபடியே, ஒழுங்கையால் போகிற கார் என்ன கார், அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவார். கனடாவிலிருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள்கூடப் பனிக்குள் நின்று பொனற்றைத் திறந்து, போனை எஞ்சினுக்கு மேலே பிடித்துக்கொண்டு அவரிடம் யோசனை கேட்பார்கள். என்னுடைய குழம்பைப் பற்றி அவர் ஒரு நாளும் அவ்வளவு கவனமாகக் கருத்துச் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் எங்கள் சொந்தக் காரை இரத்மலானையிலிருந்து வீடு வரைக்கும் ஓட்டிவந்தார். வழி முழுக்க அது தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம் போட்டது. ஒன்றும் தெரியாத எனக்கே கேட்டது. அவர் இறங்கும்போது எஞ்சின் நல்லாய் ஓடுகிறது என்றார்.

நான் அதை நேரே கேட்கவில்லை. காற்று வாங்குவோம் என்று மரைன் டிரைவுக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கடலைப் பார்த்தபடி இருத்தினேன். வலப்பக்கம் பம்பலப்பிட்டியிலிருந்து ரயில் வந்தபோது, அது கண்ணில் படுவதற்கு முதலே திரும்பினார். இடப்பக்கம் தெஹிவளையிலிருந்து வந்தபோது, அது எங்களுக்கு முன்னால் வந்து நின்றாலொழியத் திரும்பமாட்டார் போலிருந்தது. கச்சான் கொட்டையை உடைத்துக்கொண்டு நல்ல காற்று என்றார்.

காது வைத்தியர் என்னைப்போலச் சுற்றி வளைக்கவில்லை. இடது காது போய்விட்டது, வலதும் அதே வழியில் போகிறது, எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்றார். கருவி போட்டால் ஆட்கள் கதைப்பது கொஞ்சம் விளங்கும், மற்றச் சத்தங்கள் பழையபடி இருக்காது என்றார். பெரிய சத்தங்களுக்குப் பக்கத்தில் போக வேண்டாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசிப் புத்திமதியை இவர் இடது காதால் கேட்டுக்கொண்டார் போலிருக்கிறது. வெளியே வந்து ஓட்டோவுக்கு நிற்கும்போதுதான் பந்தயத்தைப் பற்றிச் சொன்னார்.

"போறது போகத்தான் போகுது. அதுக்கு முதல் ஒருக்கா வடிவாக் கேட்டிட்டு விடுறன்."

எனக்கு அழுகை வந்தது. ஓட்டோக்காரரோடு காசுக்குப் பேரம் பேசி அதை விழுங்கினேன்.

இன்னொன்றையும் அன்றைக்குத்தான் யோசித்தேன். தாலி கட்டி முடிந்த கையோடு ஐயர் என்னை வலப்பக்கத்திலிருந்து எழுப்பி இவருடைய இடப்பக்கம் இருத்தினார். அன்று தொடக்கம் கோயிலிலும் கலியாண வீட்டிலும் சோபாவிலும் என் இடம் இடப்பக்கம்தான். அப்படியென்றால் இந்தச் சில வருடங்களாக நான் சபைகளில் குனிந்து சொன்ன அருமையான விஷயங்கள் எல்லாம், யாருடைய நகை இரவல், யாருடைய மகன் யாரோடு ஓடியவன் என்பதெல்லாம், செத்த காதில்தான் விழுந்திருக்கின்றன. மனிதர் ஒரு தடவைகூடப் பிசகாமல் தலையாட்டினார். என்னை இவ்வளவு கவனித்துக் கேட்கும் ஆள் வேறில்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தன் அக்காவுக்கு, அதாவது என் மச்சாளுக்கு, காது விஷயம் தெரியக்கூடாது. மச்சாள் இருப்பது கொட்டாஞ்சேனையில். அவரிடம் காலையில் ஒன்றைச் சொன்னால் மத்தியானப் பூசைக்கு முதல் கோயிலில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பின்னேரம் கனடாவுக்குப் போய்விடும். அடுத்த நாள் யாராவது நேர்த்தி வைத்து இவரைத் தூக்குக் காவடி எடுக்கச் சொல்வார்கள். ஆகவே வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

ஆனால் தம்பி ஒரு நல்லது கெட்டதுக்குத் தன்னை விட்டுவிட்டுப் போவதை மச்சாள் ஒரு நாளும் பொறுத்ததில்லை. பந்தயம் நல்லதா கெட்டதா என்று தெரியாதபோதும், தானும் வருவதாக அறிவித்துவிட்டு, கதிரை தெரிவு செய்ய எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில் பந்தயப் பாதையின் படத்தை விரித்தோம். எந்தப் படி எந்த விலை என்று நிறம் நிறமாகப் போட்டிருந்தார்கள்.

மச்சாளுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. தொடங்குகிற கோட்டுக்கு நேர் முன்னால், நடுவில், முதல் வரிசை. கலியாண மண்டபத்தில் முதல் வரிசைச் சோபா கிடைக்காவிட்டால் மொய்க் காசைக் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்புகிறவர் வேறு எதைச் சொல்வார். அரங்கேற்றமோ பந்தயமோ, முன்னுக்கு இருந்தால்தான் போனதுக்கு மரியாதை, பின்னுக்கு இருப்பவர்கள் நம்மையும் பார்ப்பார்கள் என்பது எங்கள் சனத்தின் கணக்கு. முதல் வரிசையில் கம்பிவலையைத் தவிர வேறொன்றும் தெரியாது, கார் ஒரு நிறமாக வந்து நிறமாகப் போய்விடும் என்று சொன்னேன். கார் தெரியாவிட்டால் பரவாயில்லை என்றார் மச்சாள்.

எனக்கு வேண்டியது வேறு. வேகமாக வருகிற கார் வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைக்கும் இடம். அந்தச் சத்தத்தைத்தான் இவர் கேட்க ஆசைப்பட்டார். அந்த வளைவு இவர் இருக்கும்போது வலப்பக்கம் வரவேண்டும். வலக்கைப் பக்கம் வேறு கதிரை இல்லாத கரை இடமாகவும் இருக்க வேண்டும். இதை மச்சாளிடம் சொல்ல முடியாது. ஆகவே பொய்யாகக் காரணங்களை அடுக்கினேன். முன்னால் டயர்த் தூசி வந்து சேலை பழுதாகும் என்றேன். துவைக்கலாம் என்றார். மேற்கு வெயில் முகத்தில் அடிக்கும் என்றேன். குடை இருக்கிறது என்றார். கடைசியில், நடுப்படியிலிருந்து கழிவறை வெகுதூரம், வளைவுப் படிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்றேன். மச்சாள் உடனே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் குனிந்து பார்த்தார். வளைவுதான் நல்லது என்று தானே கண்டுபிடித்தது போலச் சொன்னார். கழிவறை எங்கே இருக்கிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

டிக்கெட் எடுக்க நான் தனியாகப் போனேன். கவுண்டரில் ஒரு சிங்களப் பொடியன். வளைவு வலப்பக்கமா என்று சிங்களத்தில் கேட்டேன். ஆமாம் என்றான். எந்தப் பக்கம் பார்த்து இருந்தால் என்று கேட்டேன். யோசித்துவிட்டு இடப்பக்கம் என்றான். படம் ஆகாயத்திலிருந்து கீறியது, நாங்கள் ஆகாயத்தில் இருக்கப் போவதில்லை. அங்கே கிடந்த ஒரு கதிரையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, படத்தை மடியில் வைத்து, உடம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இந்த அம்மா கார் ஓட்டப் போகிறா போல என்று கதைத்துக்கொண்டார்கள். கடைசியில் தெருவின் மற்றக் கரையில் உள்ள படியில், மேல் வரிசையில், வலக்கரையில் மூன்று கதிரைகள் எடுத்தேன். கரையில் இவர், இவருக்கு இடப்பக்கம் நான், எனக்கு அங்கால் மச்சாள். சம்பிரதாயத்துக்கும் குறை இல்லை, காதுக்கும் குறை இல்லை. அன்றைக்கு எனக்கு என்னைப் பற்றி ஒரு பெரிய எண்ணம்.

பந்தயத்தன்று மச்சாள் கூறைச் சேலையின் தங்கச்சி போன்ற ஒரு பட்டுச் சேலையில் வந்தார். இடியப்பப் பார்சல், சுடுதண்ணிப் போத்தல், மிக்சர், குடை எல்லாம் வந்தன. மேல் வரிசைக்கு ஏறி முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, முழங்கால் மடக்க ஏலாது என்று நேரே கரைக் கதிரையில் இருந்து காலை நீட்டினார். பிறகு தம்பியைத் தனக்குப் பக்கத்தில் இருத்தினார். என்னைத் தம்பிக்கு அங்கால் இருத்தினார். இவ்வளவு நாள் நான் சுழன்று சுழன்று போட்ட திட்டம், ஒரு முழங்காலோடு முடிந்தது.

இப்போது இவருடைய வலது காதுக்கும் வளைவுக்கும் நடுவில் மச்சாள். மச்சாள் வாய் மூடியிருப்பது நித்திரையில் மட்டும்தான், அதுவும் நிச்சயமில்லை. நான் எழுந்து, மச்சாள், நீங்கள் அங்கால் வாங்கோ, காற்று நல்லாய் வருகிறது என்றேன். இங்கேயும் வருகிறது என்றார். என்றால் நான் அவருக்கு வலப்பக்கம் இருக்கிறேன், நீங்கள் இடப்பக்கம் இருங்கோ என்றேன். அவர் என்னைத் தாலியைக் கழற்றி வைக்கக் கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"பிள்ளை, புருசன்ர வலப்பக்கம் பெண்சாதி இருக்கிறதே? சனம் பாக்குது."

சனம் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் பந்தயத்துக்குக் காசு போட்ட அனுசரணையாளர்கள் எல்லோரும் மூன்று மொழியிலும் பேசி முடித்தார்கள். தமிழ்ப் பேச்சுத்தான் மிகவும் சுருக்கம், அதை ஒரு குறையாக நான் சொல்லமாட்டேன். கார்கள் ஓடத் தொடங்கின. முதல் கார் எங்களைக் கடந்து வளைவுக்குப் போனபோது, மச்சாள் இவருடைய வலது காதுக்குள் வாயை வைத்து, கொட்டாஞ்சேனையில் தன் பக்கத்து வீட்டார் கூரைக்குத் தகடு மாற்றிய கதையைத் தொடங்கினார். சத்தம் கூடியதும் தானும் சத்தத்தைக் கூட்டினார். இரண்டாவது கார் போனது. மூன்றாவது போனது. தகட்டின் விலை வந்தது. இவர் கழுத்தை நீட்டி, உடம்பைத் திருப்பி, அக்காவின் தலைக்கு மேலாகக் காதைக் கொண்டுபோகப் பார்த்தார். மச்சாள் அதை ஆர்வம் என்று நினைத்து இன்னும் கிட்ட வந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் சத்தியமாவது மண்ணாவது, எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்தேன். அவர் என் கையில் தட்டி நிறுத்தினார். எழுந்து நின்றார். மேல் வரிசை என்றபடியால் யாரும் கத்தவில்லை.

"அக்கா, எனக்கு இடது காது கேக்காது. வலதும் போகப்போகுது. இண்டைக்கு ஒரு நாள் எனக்கு இதைக் கேக்க விடுங்கோ."

நல்லவேளை, ஒரு கார் சுவரில் உரசி நின்றதால் பந்தயத்தைக் கொஞ்ச நேரம் மெதுவாக்கியிருந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. மச்சாள் கூரைத் தகட்டை அந்தரத்தில் விட்டார். என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். அவர் எழுந்து, நீட்டிய காலை இழுத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் தாண்டி இடப்பக்கம் ஆளில்லாமல் கிடந்த கதிரையில் போய் இருந்தார். முழங்கால் வருத்தம் பற்றிக் கதைக்கவில்லை.

கார்கள் மறுபடி வேகம் பிடித்தன. எங்களுக்கு முன்னால் இருந்த எல்லோரும் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டார்கள். இவர் மட்டும் கைகளை மடியில் வைத்து, கண்ணை மூடி இருந்தார். ஒவ்வொரு கார் வளைவுக்குப் போகும்போதும் வலக்கை விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. கியர் இறங்குகிறது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. நானும் காதைப் பொத்தாமல் இருந்து கேட்டேன். எனக்குக் கேட்டதெல்லாம் இரைச்சல். மண்டை பிளந்தது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்படி ஒரு சந்தோசத்தை எங்கள் கலியாணப் படங்களில்கூட நான் பார்த்ததில்லை.

பந்தயம் முடிந்து சனம் இறங்கத் தொடங்கியதும் மச்சாள் போனை எடுத்தார். இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுக்க வேண்டுமாம், கனடாவுக்கு அனுப்ப. நான் பழக்கத்தில் இடப்பக்கத்திலேயே நெருங்கி இருந்தேன். மச்சாள் போனை இறக்கினார்.

"அங்கால மாறி இரு பிள்ளை. இனி நீ அவன்ர வலப்பக்கம் இரு."

நான் கரைக் கதிரைக்கு மாறி இருந்தேன். படம் கொஞ்சம் சரிந்துதான் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சாள் எங்கள் வீட்டில் இருக்கும்போது கனடாவிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தி, எங்களை விடச் சம்பிரதாயம் தெரிந்தவள். படம் பார்த்தாளாம், அண்ணி ஏன் வலப்பக்கம் இருக்கிறா, வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்று கேட்டாள். நான் குசினி வாசலில் அகப்பையோடு நின்றேன். இந்தப் புதுப் போன்கள் படத்தை இடம் வலம் மாற்றித்தான் எடுக்குமாம், உனக்கு அதுகூடத் தெரியாதோ என்று மச்சாள் அவளைப் பேசினார். அதோடு கதையைக் கொட்டாஞ்சேனைக் கூரைத் தகட்டுக்குத் திருப்பினார்.