தொட்டி வீட்டு மாப்பிள்ளை

சங்கரன்கோவிலில் மோட்டார் மெக்கானிக் குருநாதனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவன் வீட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. மூடிப்போன பஞ்சு மில்லின் தண்ணீர்த் தொட்டிதான் அது. நான்கு தூண்கள்மேல் வட்டமாக நிற்கும். இடிக்கிற செலவுக்குப் பயந்து மில்காரர்கள் இடத்தோடு மலிவாகத் தள்ளிவிட்டார்கள். இவன் சுவரை அறுத்து வாசலும் ஜன்னல்களும் வைத்தான், இரும்புப் படிக்கட்டு போட்டான், தரைக்கு டைல்ஸ் ஒட்டினான். உனக்குப் பிறக்கிற பிள்ளை நீச்சலோடுதான் பிறக்கும் என்று கேலி செய்வேன். எதிரே டீக்கடை போட்டிருக்கிறேன், வேறு என்ன வேலை எனக்கு? சிரிப்பான். ஆனால் அதற்கு முதலில் ஒருத்தி படியேறி வரவேண்டுமே. வந்த சம்பந்தமெல்லாம் கீழேயே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டது. வயது முப்பத்தாறு தாண்டிவிட்டது.

அதனால் கரிவலம்வந்தநல்லூர் சண்முகையா வீடு பார்க்க வருகிறார் என்றதும் எனக்கே பதற்றமாகிவிட்டது. வயல்காரர், வாஸ்துப் பைத்தியம். சொந்த வீட்டு அடுப்பையே எத்தனையோ தடவை இடம் மாற்றியவர். கூடவே மனைவி முத்துத்தாயும் மகள் இசக்கிசெல்வியும் வந்தார்கள். வீடு பார்க்கப் பெண்ணே வருகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அவள் அடம்பிடித்து வந்தாளாம். துணைக்கு நானும் மேலே ஏறினேன்.

உள்ளே நுழைந்ததும் சண்முகையா, பீரோ வைக்கக் கன்னி மூலையைத் தேட ஆரம்பித்தார். சுவரோரமாக ஒரு சுற்று வந்தார். தென்மேற்கு இருக்கிறது, மூலையைக் காணோம். மறுபடி ஒரு சுற்று. தலை கிறுகிறுத்ததோ என்னவோ, கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"கன்னி மூலை எங்கன இருக்கு தம்பி?"

"மூலையே கெடையாது மாமா" என்றான் இந்தக் கூறுகெட்டவன், பெண் தருவதற்கு முன்னாலேயே முறை வைத்து. ஒரு பலகையைக் குறுக்கே நிறுத்தி மூலை மாதிரி காட்டித் தொலை என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கேட்டானா?

மூலை இல்லாத வீட்டுக்குப் பெண் தரமாட்டேன் என்று சண்முகையா எழுந்துவிட்டார். குருநாதன் முகம் செத்துப்போனது. எனக்கு அழுகையே வந்தது.

அப்போதுதான் இசக்கிசெல்வி வாயைத் திறந்தாள்.

"எப்பா, மாசாமாசம் தீட்டுன்னு என்னைப் பொறவாசல் மூலையில உக்கார வைக்கியளே. இங்கன எந்த மூலையில வைப்பாவ? எனக்கு இந்த வீடுதான் வேணும்."

மகளை அதட்டச் சொல்லிச் சண்முகையா மனைவியைப் பார்த்தார். முத்துத்தாயோ சுவரைத் தடவிக்கொண்டே நிதானமாக ஒரு சுற்று வந்தாள்.

"தட்டு மாத்த நாள் பாத்துருவோம்" என்றாள், அவரைக் கேட்காமலே.