என் தாடை எழுதிய பரீட்சை

கூச்சம் வந்தால் சிலருக்குத் தலை குனியும். சிலருக்குக் கால் கட்டைவிரல் தரையைக் கீறும். எனக்குக் கீழ்த்தாடை முன்னால் வரும். பல்லெல்லாம் போன பிறகு, யாராவது முகத்தைப் பார்த்தால் பொக்கை வாய் தெரியக்கூடாதென்று உதட்டை இறுக்கி மூடி மூடி வந்த பழக்கம். இப்படி ஒரு பழக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்தவள் பல் டாக்டருக்குக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த ஒரு தங்கவயல் பெண்.

பல்செட்டு வேண்டுமென்று நான் கேட்கவில்லை. சிவாஜிநகரில் வாங்கிவரும் கறியைக்கூட, குக்கரில் நாலு விசில் கூடுதலாக விட்டால் ஈறாலேயே மென்றுவிடுவேன். என் மகள்தான் விடவில்லை.

"கல்யாண போட்டோவுல எல்லாரும் சிரிக்கிறாங்க. நீ மட்டும் யாரோ அடிச்சிட்ட மாதிரி உக்காந்திருக்கம்மா."

எங்கள் ஒக்கலிபுரத்திலிருந்து பஸ் ஏற்றி, பல் காலேஜுக்குக் கூட்டிப்போனாள். அங்கே படிக்கிற பிள்ளைகள்தான் செட்டு செய்வார்களாம். பெரிய டாக்டர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார்களாம்.

அந்தப் பெண் கையுறை மாட்டிக்கொண்டு என் ஈறைத் தடவிப் பார்த்தாள். விரல் அப்படியே நின்றுவிட்டது.

"ஆயா, உங்க ரிட்ஜ் எவ்ளோ அழகா இருக்கு தெரியுமா?"

பல் விழுந்த இடத்தில் மேடாக நிற்கிற ஈறுக்கு அதுதான் அவர்கள் வைத்திருக்கிற பெயர். பல பேருக்கு அது தேய்ந்து தட்டையாகி, செட்டு நிற்காமல் வழுக்குமாம். எனக்கு வரப்பு கட்டினாற்போல் இருக்கிறதாம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் "பரவாயில்ல" என்று சொன்னதோடு சரி. அதற்குமேல் என் முகத்தைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. அறுபத்தெட்டு வயசில் ஈறு அழகென்று கேட்டதும் காதெல்லாம் சூடாகிவிட்டது.

விஷயம் பரவிவிட்டது. அவளோடு படிக்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கை கழுவிக்கொண்டு வந்து, என் ஈறை அமுக்கிப் பார்த்து, பெருமூச்சு விட்டுப் போனார்கள். ஒரு பையன் குனிந்து ரகசியமாகச் சொன்னான்.

"ஆயா, அவ வேணாம், கை நடுங்கும். என்கிட்ட வாங்க. ஜன்னல் பக்கத்து சேர், ஃபேன் காத்து."

"டேய், என் பேஷண்ட்டைத் தொடாதடா!" என்று அவள் கத்திய கத்தலில் எனக்குத் தாடை அரை அங்குலம் முன்னால் போயிருக்கும்.

அவள் கத்தியதற்குக் காரணம் இருந்தது. கடைசிப் பரீட்சையில் ஒரு பல்லில்லாத ஆளை உட்காரவைத்து, வெளியூரிலிருந்து வரும் பரீட்சை டாக்டர் கண் முன்னால் கடி அளவு எடுத்துக் காட்ட வேண்டும். ஆள் வராவிட்டால் ஃபெயில். கடி தப்பினாலும் ஃபெயில். போன தடவை இவளுக்கு உட்கார வேண்டிய பாட்டியம்மா பரீட்சை அன்றைக்கு ஏதோ திருவிழாவுக்குப் போய்விட்டார். இவளுக்கு ஆறு மாசம் போயிற்று.

"நீங்கதான் ஆயா என் பரீட்சை" என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மகள் சிரித்தாள். "அஞ்சாங்கிளாஸோட நின்னவ, நேரா டாக்டர் பரீட்சைக்குப் போற. நடத்து."

கடி அளவு என்றால், மெழுகால் செய்த மேல்கட்டையும் கீழ்க்கட்டையும் வாயில் வைத்துக் கடிக்க வேண்டும். தாடை தன் இடத்தில் இருக்கும்போது கடித்தால்தான் செட்டு பொருந்தும். அவளும் நானும் மட்டும் இருந்தால் சரியாகக் கடிப்பேன். பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தால் போதும், தாடை ஓடிவிடும். அவள் மேல்கட்டையின் பின்பக்கத்தில் ஒரு சின்ன மெழுகு உருண்டை ஒட்டிவைத்தாள். நாக்கை மடித்து அதைத் தொட்டுக்கொண்டே வாயை மூடினால் தாடை முன்னால் வர முடியாதாம். உருண்டை இல்லாமலே வீட்டில் சப்பாத்தி தேய்க்கும்போதும் பழகினேன். பஸ்ஸிலும் பழகினேன். எதிர் சீட்டு அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

பரீட்சை நாள் வந்தது. பெரிய ஹாலில் வரிசையாக நாற்காலிகள், நாற்காலிக்கு ஒரு பொக்கை வாய். பரீட்சை டாக்டர் உயரமான மனிதர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வாயாகப் பார்த்து வந்தார். என் எதிரே நின்று, மூக்குக்கு மூக்கு குனிந்து, "மெல்லகே கச்சம்மா" என்றார். மெதுவாகக் கடி என்று கன்னடத்தில் சொல்கிறார்.

நாக்காவது உருண்டையாவது. தாடை அவர் கண்ணாடியை இடிக்கிற மாதிரி முன்னால் போயிற்று.

மறுபடி கடிக்கச் சொன்னார். இன்னும் முன்னால் போயிற்று. அவர் அந்தப் பெண்ணிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அவள் என் தாடையைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

அந்தப் பேனாவைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. வாயிலிருந்த இரண்டு மெழுகுக் கட்டையையும் நானே எடுத்து அவள் கையில் வைத்தேன். பொக்கை வாயை மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

"சார், பொண்ணு மேல தப்பில்ல" என்றேன், பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக. "நீங்க பாத்தா என் தாடை ஓடுது. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

அவர் பேனா மூடியைப் பிடித்தபடி நிமிர்ந்தார்.

"யாரு, நானா?"

"ஆமா சார். நீங்கதான்."

அவர் என்னைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். பிறகு திரும்பி, பல் விளக்கும் முறை படம் மாட்டியிருந்த சுவரைப் பார்த்து நின்றுகொண்டார், முட்டி போடாத குறையாக. என் கூச்சமெல்லாம் அவர் முதுகுக்குப் போய்விட்டதுபோல் இருந்தது. அந்தப் பெண் கட்டைகளை வாயில் வைத்து, "நாக்கு மேல, பின்னாடி, ஆயா" என்று காதில் சொன்னாள். கடித்தேன்.

"ஆயித்தா?" என்று சுவரிடம் கேட்டார்.

"ஆச்சு சார்" என்றாள் அவள்.

வந்து பார்த்தார். மெழுகில் அவள் முன்பே கீறிவைத்திருந்த மேல்கோடும் கீழ்க்கோடும் ஒரே நேராக நின்றன. ஒரு தடவை பார்த்தால் போதாதாம், இன்னொரு தடவை என்றார். நான் சொல்வதற்கு முன்னால் அவரே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கோடு அசையவில்லை. ஏதோ எழுதிக்கொண்டு பக்கத்து நாற்காலிக்குப் போனார். அங்கே இருந்த தாத்தா வாயிலிருந்த கட்டைகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கும் திரும்பிக்குங்க சார்" என்றார்.

ஒரு மாதம் கழித்து போன் வந்தது.

"ஆயா! நாம பாஸ்!"

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, போனை மகள் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.